ஃபுல் கவரேஜ் இருக்கிறது என்று நம்பி டெலிவரிக்குக் கிளம்பாதீர்கள்

போன மாதம் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஒரு நண்பர் வீட்டில், புதிதாக உணவு டெலிவரி ஓட்ட ஆரம்பித்திருக்கும் ஒரு தம்பியைப் பார்த்தேன். "இன்ஷூரன்ஸ் கம்பெனியில சொல்லிட்டியா?" என்று கேட்டேன். "எதுக்குண்ணா? எனக்கு ஃபுல் கவரேஜ் இருக்கு. அதுக்கு மேல ஆப்காரங்களே ஒரு மில்லியன் டாலர் வரைக்கும் தர்றாங்க" என்றான். 2022இல் நானும் வார்த்தை மாறாமல் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். லைசென்ஸைக் கையில் வை, பிரீமியத்தை நேரத்துக்குக் கட்டு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது வேறு.

சொல்லாமல் ஓட்டுவது

சொந்தக் காருக்கு நாம் எடுக்கும் பாலிசி, வேலைக்குப் போய்வரவும் கடைக்குப் போகவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும்தான். கூலிக்கு ஆளையோ பொருளையோ ஏற்றிப் போகும்போது நடக்கும் விபத்து இதில் சேராது என்று பெரும்பாலான பாலிசிகளில் ஒரு பத்தி இருக்கும். 'ஃபுல் கவரேஜ்' என்பது வெறும் பேச்சுவழக்கு. எதிராளியின் காயத்துக்கும் சேதத்துக்கும் பணம் தரும் லயபிலிட்டியோடு, நம் கார் மோதிச் சேதமானால் உதவும் கொலிஷனும், திருட்டு, தீ போன்றவற்றுக்கான காம்ப்ரிஹென்சிவும் சேர்ந்தால் ஏஜென்ட்டுகள் அப்படிச் சொல்வார்கள். மூன்றும் இருந்தாலும் அந்தப் பத்தி அங்கேயேதான் இருக்கும்.

எனக்கு நடந்தது இது. 2022 டிசம்பர், நல்ல மழை. மௌரி அவென்யூ பக்கம் ஒரு அப்பார்ட்மென்ட்டில் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு, ஆப்பை அணைக்காமல் அடுத்த ஆர்டருக்காகக் கடைகள் இருக்கும் பக்கம் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன். பார்க்கிங்கில் சைக்கிளில் ஒரு பையன் குறுக்கே வந்தான். திருப்பினேன். விளக்குக் கம்பத்தின் கான்கிரீட் அடியில் கார் மோதி நின்றது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் காரின் முன்பக்கம் நசுங்கி, ரேடியேட்டர் தண்ணீர் மழையோடு கலந்து ஓடியது.

மறுநாள் க்ளைம் விசாரித்த பெண் மிகவும் தன்மையாகத்தான் பேசினார். நான் அனுப்பிய படங்களில் ஒன்றைச் சுட்டி, "பக்கத்து சீட்டில் இருக்கும் சிவப்புப் பை எதற்கு?" என்று கேட்டார். சாப்பாடு சூடு ஆறாமல் இருக்க வைத்திருந்த பை. உண்மையைச் சொன்னேன். இரண்டு வாரத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. ஆப் கம்பெனியைக் கேட்டால், அந்த நேரத்தில் உங்கள் கையில் ஆர்டர் இல்லை என்றார்கள். ரிப்பேருக்கு 7,400 டாலர், முழுக்க என் கிரெடிட் கார்டில். கார் லோன் தவணை ஒரு மாதம்கூட நிற்கவில்லை.

இன்றுவரை எனக்கு எரிச்சல் தருவது அந்தத் தொகை அல்ல. டெலிவரிக்கான எண்டோர்ஸ்மென்ட்டை, அதாவது பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் கவரேஜை, என் பாலிசியில் முன்பே சேர்த்திருக்க முடியும். ஒரு போன் செய்தால் போதும். பிரீமியம் ஏறிவிடுமே என்று பயந்து அந்தப் போனைச் செய்யாமல் விட்டேன். இப்போது அதற்கு மாதம் 20 டாலருக்கும் குறைவாகத்தான் கூடுதலாகக் கட்டுகிறேன்.

அந்த ஒரு மில்லியன்

பொய் இல்லை, ஆனால் அது நம் காருக்கான பணம் இல்லை. கலிபோர்னியாவில் 2020 நவம்பரில் வாக்காளர்கள் நிறைவேற்றிய ப்ராப் 22 என்ற சட்டம், டெலிவரி ஆப்கள் குறைந்தது 10 லட்சம் டாலருக்கு லயபிலிட்டி இன்ஷூரன்ஸ் வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஆர்டரை ஏற்ற நொடியிலிருந்து கொடுத்து முடிக்கும் வரைதான் அதற்குக் கணக்கு. அதுவும் எதிராளியின் காயத்துக்கும் பொருள் சேதத்துக்கும், அந்தக் காருக்கு வேறு முறையான பாலிசி பொறுப்பேற்காதபோது மட்டும்.

உங்கள் உடம்புக்கு அடி பட்டால் விஷயம் வேறு. அதற்கான விபத்துக் காப்பீடு, ஆர்டர் இல்லாமல் ஆப்பில் ஆன்லைனில் இருக்கும் நேரத்துக்கும் உண்டு. இது தெரியாமல் மருத்துவமனை பில்லைக் கையிலிருந்து கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள், கேட்டு வாங்குங்கள்.

ஆள் ஏற்றுபவர் சொல்வதைக் கேட்டு நடப்பது

டாக்சி ஆப் ஓட்டும் நண்பர், "காத்திருக்கும்போதும் கவர் உண்டு" என்பார். அவருக்கு உண்டு. கலிபோர்னியாவில் பயணிகளை ஏற்றும் ஆப்களுக்கு, சவாரி வராமல் காத்திருக்கும் நேரத்துக்கும் ஒருவர் காயத்துக்கு 50,000, ஒரு விபத்தின் மொத்தக் காயத்துக்கு 1,00,000, பொருள் சேதத்துக்கு 30,000 டாலர் லயபிலிட்டி சட்டப்படி கட்டாயம். சாப்பாடு கொண்டுபோகும் நமக்கு ப்ராப் 22 அந்த இடைவெளியை அடைக்கவில்லை.

மாநிலம் கேட்கும் குறைந்தபட்சத்தோடு நிறுத்துவது

2025 ஜனவரி 1 முதல் கலிபோர்னியாவில் குறைந்தபட்ச லயபிலிட்டி, ஒருவர் காயத்துக்கு 30,000, ஒரு விபத்தின் மொத்தக் காயத்துக்கு 60,000, பொருள் சேதத்துக்கு 15,000 டாலர். அதற்கு முன் பொருள் சேதத்துக்கு வெறும் 5,000தான். நம் பே ஏரியா (சான் பிரான்சிஸ்கோ சுற்றுவட்டாரம்) சாலையில் பலர் ஓட்டும் எலெக்ட்ரிக் கார்களை நினைத்தால் 15,000 எந்த மூலைக்கு? குறைந்தபட்சம் என்பது போலீஸ் நிறுத்தினால் காட்டுவதற்குத்தான் போதும். தொகையைக் கூட்டுங்கள்.

மாநிலம் மாறியும் பழைய பாலிசி

டெக்சாஸில் பொருள் சேதத்துக்கான குறைந்தபட்சம் 25,000 டாலர். வர்ஜீனியாவில் ஒருவர் காயத்துக்கே 50,000. குடிபோன வாரமே மாற்றுங்கள்.

விபத்துக்குப் பிறகு மறைப்பது

வேண்டாம். ஆப்பில் நிமிடக் கணக்கு இருக்கிறது. பொய் சொன்னால் க்ளைமோடு பாலிசியும் போகும்.

"கவர் ஆகுமா?" என்று மட்டும் கேட்பது

போனில் ஆமாம் என்பார்கள். எதற்கு ஆமாம் என்று பார்க்க வேண்டும். மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்: ஆப் ஆன் ஆகி ஆர்டர் இல்லாத நேரம், கடைக்கு எடுக்கப் போகும் நேரம், கையில் சாப்பாடு இருக்கும் நேரம். ஒவ்வொன்றிலும் என் காருக்கு என்ன, எதிராளிக்கு என்ன என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

அந்தத் தம்பி அப்படியே கேட்டிருக்கிறான். அவன் கம்பெனி தரும் எண்டோர்ஸ்மென்ட் பயணிகளை ஏற்றுபவர்களுக்கு மட்டும்தான், உணவு டெலிவரிக்கு இல்லை என்று எழுத்தில் பதில் வந்தது. வேறு கம்பெனி தேடிக்கொண்டிருக்கிறான். அதுவரை ஆப்பை அணைத்து வைத்திருக்கிறான்.