பசிக்கிறதே என்று பாலை ஊற்றாதீர்கள்

கோத்தகிரிப் பக்கம் தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவாத்து தொடங்கிவிட்டால் என் வீட்டுக்கு அட்டைப்பெட்டிகள் வரும். உள்ளே கூடு கலைந்த குஞ்சு. கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்கியவர்கள்; காட்டு உயிர்களுக்குத் தீனி கொடுப்பதில் எங்கள் தலைமுறை செய்த அதே கோளாறுகளோடுதான் வருகிறார்கள். குரங்குக்குச் சிப்ஸ் நீட்டாதீர்கள் என்பதைச் சாலையோரப் பலகையே சொல்கிறது. அதை விட்டுவிடுகிறேன்.

குஞ்சுக்குப் பாலும் ரொட்டியும்

இதுதான் இன்றும் எரிச்சல் மூட்டுகிறது. பறவை பாலூட்டி அல்ல; பாலின் லாக்டோஸைச் செரிக்கும் நொதி அதற்குக் கிடையாது. வயிற்றுப்போக்கு வந்து நீர் வற்றிப்போகும்.

ஒருவர் செம்மீசைச் சின்னான் குஞ்சு ஒன்றைக் கொண்டுவந்தார். "இங்க் ஃபில்லரில் பால் கொடுத்தேன் சார், நன்றாகக் குடித்தது" என்றார் பெருமையாக. அது குடிக்கவில்லை. குஞ்சின் நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழலின் வாய் திறந்திருக்கிறது. சொட்டியதெல்லாம் அதற்குள் போயிருந்தது. மாலைக்குள் இறந்துவிட்டது. தண்ணீர் சொட்டினாலும் இதே கதிதான். வேண்டிய ஈரம் தாய் ஊட்டும் இரையிலேயே இருக்கிறது.

தாய் தின்பதையே குஞ்சும் தின்னும் என்று கணக்குப் போடுவது அடுத்த கூத்து. தேன்சிட்டு தேன் குடிக்கும், ஆனால் குஞ்சுக்குச் சிலந்தியும் பூச்சியும் பிடித்து ஊட்டும். தானியம் கொத்தும் சிட்டுக்குருவியும் அப்படியே. வளரும் உடம்புக்குப் புரதம் வேண்டும். ரொட்டியில் அது எவ்வளவு இருக்கிறது? புறாவின் வழி தனி. தொண்டைப்பையில் ஊறும் கூழைத் தாய் கக்கிக் கொடுக்க, குஞ்சு அதன் வாய்க்குள் அலகை நுழைத்து உண்ணும். வாயைப் பிளக்கவில்லையே என்று புறாக் குஞ்சின் அலகை நெம்புகிறவர்களை என்ன சொல்ல?

சிறகு முளைக்காத குஞ்சைக் கூட்டிலேயே திரும்ப வையுங்கள். கூடு சிதைந்திருந்தால் காய்ந்த புல் போட்ட சிறு கூடையை அதே இடத்துக்குப் பக்கத்தில் கட்டுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை. சிறகோடு தத்தித் திரிவது பறக்கப் பழகும் குஞ்சு. பூனையை வீட்டுக்குள் அடைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கருமந்திக்கு பிஸ்கட்

கருமந்தி இலை தின்னும் கருங்குரங்கு; நாட்டுக் குரங்கைப் போல கண்டதையும் தின்னும் விலங்கல்ல. பல அறைகள் கொண்ட அதன் இரைப்பையில் நுண்ணுயிர்கள் இலையை நொதிக்க வைக்கின்றன. மாவும் சர்க்கரையும் அங்கே போனால் அமிலம் கூடிவிடும்.

காட்டெருமைக்குக் காய்கறிக் கழிவு

வாசலில் கொட்டாதீர்கள். நாளையும் வந்து நிற்கும்.

கரடி எறும்புதானே தின்னும்?

கரையானையும் எறும்பையும் உறிஞ்ச வசதியாக மேல்வரிசை முன்பற்கள் இரண்டு இல்லாத விலங்குதான். ஆனால் பழம், தேன் எதையும் விடாது. எண்ணெய் குடிக்கக் கோயில் கதவை உடைப்பதும் அதுவே. பூசை முடிந்ததும் எண்ணெய்ப் பாத்திரத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.