அரசு வக்கீலாக வந்து கடைசிவரை நிலைப்பது எப்படி

எந்த வழியாக உள்ளே வரப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், எத்தனை வருஷம் இருப்பீர்கள் என்பதே அதில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் நடுவர் கோர்ட்டில் நிற்கும் ஏபிபி (உதவி அரசு வக்கீல்) டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுதி வருபவர். குற்றவியல் கோர்ட்டுகளில் 5 ஆண்டு தொழில் செய்திருக்க வேண்டும், தேறிவிட்டால் ஓய்வு வரை வேலை. செஷன்ஸ் கோர்ட் பிபி (அரசு வக்கீல்) கதை வேறு: 7 ஆண்டு அனுபவம், செஷன்ஸ் நீதிபதியைக் கலந்து கலெக்டர் போடும் பட்டியல், அப்புறம் அரசு நியமனம். ஆட்சி மாறினால் பெரும்பாலும் ஆளும் மாறுவார். நீண்ட காலம் இருக்க ஆசையா, தேர்வு எழுதுங்கள்.

சரி, வந்தாயிற்று. கேஸ் கட்டு கைக்கு வந்ததும் சாட்சி வாக்குமூலத்துக்குப் போகாதீர்கள், எஃப்ஐஆரில் நடுவர் அதைப் பெற்றுக்கொண்டு எழுதிய தேதியையும் நேரத்தையும் பாருங்கள். காலை 8 மணிக்குப் பதிவான கொலை வழக்கு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் நடுவரிடம் இரவு 10 மணிக்குப் போயிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அங்கேதான் கைவைப்பார். அதைக் கொண்டுபோன காவலர் சாட்சிப் பட்டியலில் இருக்கிறாரா? இல்லையென்றால் விசாரணை அதிகாரியைக் கூப்பிட்டு அன்றைக்கே கேளுங்கள், அவர் கூண்டில் ஏறியபிறகு கேட்டுப் பயனில்லை.

சாட்சிகள் பிறழ்வார்கள், அதாவது போலீசிடம் சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொல்வார்கள், அதிலும் இரு தரப்பும் ராசியான பிறகு ஊர்க்காரர்கள் எல்லோருமே பிறழ்வார்கள். கோபப்படாமல் கோர்ட் அனுமதி வாங்கிக் குறுக்கு விசாரணை செய்யுங்கள். பிறழ்ந்தவர் சொன்னதிலும் நம்பத்தகுந்த பகுதியைக் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம் என்பதால், சம்பவ இடத்தில் இருந்ததையாவது ஒப்புக்கொள்ள வையுங்கள்.

2024 ஜூலை 1க்கு முன் நடந்த குற்றத்துக்கு இன்னும் ஐபிசிதான் (பழைய இந்திய தண்டனைச் சட்டம்), அதற்குப் பின் நடந்ததற்குத்தான் புதிய பிஎன்எஸ், பிரிவு எண் தடுமாறாதீர்கள்.

பெரிய தலைவலி, வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லி வரும் அரசாணை. மனு போடுவது நீங்கள், அரசு அல்ல. சொந்தமாக யோசித்துத்தான் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியாயிற்று. அரசாணை எண்ணை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் நாளைக்குப் பதில் சொல்லப்போவது நீங்கள்தான். கட்டைப் படித்துக் காரணத்தை உங்கள் நடையில் எழுதுங்கள், காரணம் இல்லையென்றால் போட மாட்டேன் என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். இப்போது பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 360ஆவது பிரிவின்படி பாதிக்கப்பட்டவருக்கும் பேச வாய்ப்புத் தராமல் கோர்ட் அனுமதிக்க முடியாது, அதனால் மனுவோடு அவருடைய இப்போதைய முகவரியையும் ஸ்டேஷனில் கேட்டு வாங்கி வையுங்கள்.