உள்ளரங்க ஆட்டம்: கண் கூசாமல் படம் எடுக்க

பேட்மிண்டனிலும் ஜிம்னாஸ்டிக்ஸிலும் ஃபிளாஷ் அடிக்கவே கூடாது. வீரர்களின் கண் கூசினால் ஆட்டமே கெட்டுவிடும். அரங்க வெளிச்சத்தையே நம்புங்கள்: நிறைய வெளிச்சத்தை உள்ளே விடும் எஃப் 2.8 லென்ஸ், அசைவை உறைய வைக்கும் 1/800 நொடி ஷட்டர், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200 அல்லது 6400. ஐஎஸ்ஓ கூடுவதால் படம் கொஞ்சம் புள்ளிபுள்ளியாக வந்தால் வரட்டும். அசைவில் மங்கிப்போன முகத்தைவிட அது மேல்.

படத்துக்குப் படம் நிறமும் வெளிச்சமும் மாறுகின்றனவா? விளக்குகளின் துடிப்புதான் காரணமாக இருக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். கேமராவில் ஆன்டி ஃபிளிக்கர் வசதி (துடிப்புக்கு ஏற்ப படமெடுக்கும் நேரத்தைச் சரிசெய்வது) இருந்தால் இயக்கிவிடுங்கள்.

கூடைப்பந்து போன்ற ஆட்டத்தில், அமைப்பாளர்கள் அனுமதித்தால் மட்டும், இரண்டு ஃபிளாஷ்களை பார்வையாளர் மாடத்தின் உயரத்தில் பொருத்தி வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்பலாம். வெளிச்சம் பரவி, மென்மையாக இறங்கும். பாதுகாப்புக் கம்பி கட்டாமல் எதையும் தலைக்கு மேல் மாட்டாதீர்கள்.