கடற்கரை ஊரில் கடல்நீர்த் தொட்டி: தண்ணீரைச் சீராக வைத்திருப்பதும் புது மீனைச் சேர்ப்பதும்

புதுச்சேரியிலும் கடலூரிலும் கடல்நீர் மீன்தொட்டி வைக்க விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது, கடல் பக்கத்திலேயே இருக்கும்போது அந்தத் தண்ணீரையே மொண்டு வந்து ஊற்றினால் போதாதா என்பதுதான். போதாது. தென்பெண்ணையும் கெடிலமும் கடலூரில் கடலோடு கலக்கின்றன. சங்கராபரணி புதுச்சேரிக்குத் தெற்கே கலக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த ஆறுகளில் வெள்ளம் இறங்கும்போது கரையோரத் தண்ணீரின் உப்புத்தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். கோடையில் அது மறுபடியும் ஏறும். துறைமுகத்தை ஒட்டிய தண்ணீராக இருந்தால் படகுகளின் டீசலும் சேர்ந்து வரும். கடல்மீன் ஓரளவுக்குக் கூடுதலான உப்புக்கோ குறைவான உப்புக்கோ பழகிக்கொள்ளும். ஆனால் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும் தண்ணீரில் அது நோஞ்சானாகிவிடும். ஆகவே ஆர்.ஓ. தண்ணீரில் அக்வேரியத்துக்கென்று விற்கப்படும் செயற்கைக் கடலுப்பைக் கரைத்துப் பயன்படுத்துவதே நம் ஊருக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. கரையோரப் போர்த் தண்ணீரில் பல இடங்களில் ஏற்கெனவே உவர்ப்பு ஏறியிருப்பதால், அதை நேரடியாகப் பயன்படுத்தக் கூடாது.

உப்பைக் கரைக்கும்போது வாளியில் முதலில் தண்ணீரை ஊற்றி, பம்பை ஓடவிட்டு, அதன் பிறகே உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து வெள்ளைப் படிவமாக அடியில் தங்கிவிடும். லிட்டருக்கு ஏறத்தாழ 35 முதல் 38 கிராம் வரை தேவைப்படும். 20 லிட்டர் வாளிக்கு முக்கால் கிலோவுக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். ஒரு நாள் முழுவதும் பம்ப் ஓடிய பிறகு, உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவியின் கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு, மூடியை மூடி, வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால், நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு ஆயிரத்துக்கு 35 என்ற இடத்தில், அதாவது ஒப்படர்த்தி (நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025, 1.026 அருகில் நிற்க வேண்டும். அந்தக் கருவியையே அவ்வப்போது 35 அளவுள்ள சோதனைக் கரைசலை வைத்துச் சரிபார்க்க வேண்டும். கருவி தவறாக இருந்தால் மற்ற கணக்கெல்லாம் வீண்.

தொட்டியில் தண்ணீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. 100 லிட்டர் தொட்டியில் 5 லிட்டர் வற்றினாலே 35 என்ற அளவு 36.8 ஆகிவிடும். எனவே வற்றிய அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை மட்டுமே, கண்ணாடியில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, நாள்தோறும் நிரப்ப வேண்டும். சித்திரை, வைகாசியில் இது இன்னும் முக்கியம். ஏனெனில் 24 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டிய தண்ணீரைக் குளிர்விக்க மேலே ஃபேன் வைத்தால், சூடு இரண்டு மூன்று டிகிரி குறையும் அதே வேகத்தில் தண்ணீரும் வற்றும். வசதி இருப்பவர்கள் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம் வாங்கிவிடலாம். புயல் மழையால் மின்சாரம் நின்றுபோவது நம் பகுதிக்குப் புதிதல்ல. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் வரவில்லை. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் எப்போதும் இருக்க வேண்டும்.

புதுத் தொட்டியில் உடனே மீன் விடக் கூடாது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒரு வகைப் பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. இவை கல்லிலும் மணலிலும் வளர்ந்து நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். சிறு இறால் துண்டு ஒன்றைப் போட்டு அழுகவிட்டால் பாக்டீரியாவுக்குத் தேவையான அமோனியா கிடைத்துவிடும். அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இரண்டுமே பூஜ்யமாகி, நைட்ரேட் மட்டும் தென்பட்டால் தொட்டி தயார். மீன்கள் மட்டும் உள்ள தொட்டியில் நைட்ரேட் 20 பி.பி.எம்.முக்குள் (பத்து லட்சத்தில் 20 பங்குக்குள்) இருக்கட்டும், வாரத்துக்கு ஒருமுறை பத்து சதவீதத் தண்ணீரை மாற்றினால் பெரும்பாலும் அது கட்டுக்குள் நிற்கும்.

தண்ணீரின் அமில, கார நிலையைக் காட்டும் பி.எச். 8.1 முதல் 8.4 வரையிலும், பி.எச். இறங்காமல் தாங்கும் கார்பனேட்டுகளின் அளவான காரத்தன்மை 8 முதல் 11 டி.கே.எச். (அதன் அலகு) வரையிலும் இருக்கலாம். பி.எச். குறைந்தால் பலர் உடனே ஏதாவது திரவத்தை வாங்கி ஊற்றுகிறார்கள். முதலில் காரத்தன்மையைப் பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தும் பி.எச். தாழ்ந்திருந்தால், ஏ.சி.க்காக மூடியே வைத்த அறையில் சேர்ந்த கரியமில வாயு காரணமாக இருக்கலாம். ஜன்னலைத் திறந்தாலே மாற்றம் தெரியும். காரத்தன்மைதான் குறைவு என்றால், வீட்டில் இருக்கும் ஆப்ப சோடாவே போதும்: 100 லிட்டருக்கு 3 கிராம் கரைத்துவிட்டால் ஒரு டி.கே.எச். உயரும். ஒரு நாளில் அதற்கு மேல் உயர்த்தக் கூடாது. பேக்கிங் பவுடர் வேறு பொருள். அதைப் போடக் கூடாது.

இனி மீனுக்கு வருவோம். கடல்குதிரைகளும் பாறை அமைக்கும் பவளங்களும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. யார் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்கக் கூடாது. தொடங்குகிறவர்களுக்குக் குஞ்சுப் பொரிப்பகத்தில் வளர்ந்த கோமாளி மீன்களே நல்லவை. அவை தொட்டி வாழ்க்கைக்கும் செயற்கை உணவுக்கும் பிறந்ததிலிருந்தே பழகியவை, கடலிலிருந்து பிடித்து எடுப்பதும் மிச்சம்.

எந்த மீனையும் நேராகப் பெரிய தொட்டியில் விடக் கூடாது. 40 லிட்டர் அளவில் மணலோ கல்லோ இல்லாத தனிமைத் தொட்டி ஒன்றில், மறைந்துகொள்ள இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டுகளும், பெரிய தொட்டியில் சில வாரம் ஊறவைத்துப் பாக்டீரியா ஏறிய ஸ்பாஞ்ச் ஃபில்டரும் போட்டு, குறைந்தது நான்கு வாரம் வைத்துப் பார்க்க வேண்டும். இதற்குக் காரணம் கிரிப்டோகாரியான் என்னும் வெள்ளைப்புள்ளி நோய். உப்புத் தூவியதுபோல் உடலில் தெரியும் புள்ளிகள் சில நாளில் உதிர்ந்துவிடும். நோய் குணமாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அந்த ஒட்டுண்ணி தரையில் கூடுகட்டிப் பெருகி, வாரங்கள் கழித்துக்கூட, முன்னிலும் பெருங்கூட்டமாக மீனைத் தேடி வரும். நன்னீர் மீன்களுக்குச் செய்வதுபோல் வெப்பத்தை உயர்த்துவது இங்கே பலிக்காது. தாமிர மருந்து வேலை செய்யும். ஆனால் அதைச் சோதனைக் கருவியால் அளந்து, தனிமைத் தொட்டியில் மட்டுமே கொடுக்க வேண்டும். பெரிய தொட்டியில் ஊற்றினால் இறால், நத்தை எல்லாம் மடிந்துவிடும்.

சென்னை கொளத்தூரிலிருந்து மீன் வாங்கி ஈ.சி.ஆர். வழியாகக் கொண்டுவருகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மூன்று நான்கு மணி நேரம் கட்டிய பையில் மீன் மூச்சுவிட்டுக்கொண்டே வருவதால் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கிவிடும், அந்த நிலையில் பையில் சேர்ந்த அமோனியா பெரிதாகக் கேடு செய்யாத வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அதே அமோனியா நஞ்சாக மாறும். எனவே பையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்ப்பது, நெடுந்தொலைவு வந்த மீனுக்கு உதவியாகாது. கடையில் உப்பு அளவு என்ன என்று முன்கூட்டியே கேட்டு, தனிமைத் தொட்டியை அதே அளவில் தயாராக வைத்திருந்து, பையைத் திறக்காமல் இருபது நிமிடம் மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும் திறந்து, மீனை மட்டும் எடுத்து விட்டுவிட வேண்டும். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக் கூடாது. கடையில் உப்பு குறைவாக இருந்திருந்தால், பிறகு அதை நாளொன்றுக்கு 0.001 அல்லது 0.002 ஒப்படர்த்தி அளவுக்கு மெல்ல உயர்த்தலாம். பக்கத்திலேயே வாங்கிய இறால் போன்றவற்றுக்குத்தான் சொட்டு முறை பொருந்தும்; ஏர் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு விழும்படி இறுக்கினால் போதும்.

தனிமை முடிந்து பெரிய தொட்டிக்கு மாற்றும் நாளில், ஏற்கெனவே இருக்கும் மீன்களுக்கு முதலில் தீனி போட்டுவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, புது மீனை விட வேண்டும். சாதுவான மீன்கள் முதலில், டாம்செல் போன்ற முரடுகள் கடைசியில். பழைய மீன் துரத்தினால், துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டியில் புது மீனைச் சில நாள் தொட்டிக்குள்ளேயே வைத்திருந்தால், ஒன்றையொன்று பார்த்துப் பழகிவிடும். அந்த வாரம் முழுவதும் அமோனியாவை நாள்தோறும் சோதித்து, துளி ஏறினாலும் தீனியைக் குறைத்துத் தண்ணீர் மாற்ற வேண்டும். அடுத்த மீனை வாங்குவதற்கு மூன்று நான்கு வாரமாவது காத்திருக்க வேண்டும்.