லிங்க்ட்இன் புரொஃபைலைச் சரிசெய்வது எப்படி: இனிஷியல் குழப்பத்திலிருந்து தொடங்குவோம்

கணக்கு ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் யாரும் தேடி வருவதில்லை என்பவர்களுக்கான செய்முறை இது. கணக்கு தொடங்குவது, பாஸ்வேர்டு வைப்பது எல்லாம் இதில் இல்லை. உதாரணத்துக்கு, திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர் பேசுவது முதல் சரக்கு அனுப்புவது வரை ஒருங்கிணைப்பவராக) வேலை பார்ப்பவரை எடுத்துக்கொள்கிறேன். வேறு தொழில் என்றால் சொற்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆள் தேடும் எச்.ஆர். முதலில் பார்ப்பது உங்கள் பக்கத்தை அல்ல, தேடல் பட்டியலை. அதில் தெரிவது போட்டோ, பெயர், ஹெட்லைன் (பெயருக்குக் கீழே வரும் அறிமுக வரி), ஊர். உள்ளே வருவதா வேண்டாமா என்பதை இந்த நான்கைப் பார்த்தே முடிவுசெய்கிறார். உங்கள் உழைப்பில் பெரும்பகுதி இந்த நான்குக்கும் போகட்டும்.

தொடங்கும் முன்

கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து செய்யுங்கள். மொபைல் ஆப்பில் சில கட்டங்கள் ஒளிந்துகிடக்கும், நீளமாகத் தட்டச்சு செய்யவும் வராது. எழுத வேண்டியதை முதலில் நோட்பேடிலோ கூகுள் டாக்ஸிலோ எழுதி, பிறகு ஒட்டுங்கள். லிங்க்ட்இன் பெட்டிக்குள் நேரடியாக எழுதி, பாதியில் பக்கம் மூடிவிட்டால் எல்லாம் போய்விடும்.

அடுத்து, செட்டிங்ஸில் 'விசிபிலிட்டி' பகுதிக்குப் போய், வேலை மாற்றம், படிப்பு, பணி ஆண்டு நிறைவு ஆகியவற்றை நெட்வொர்க்குக்கு அறிவிக்கும் வசதியை அணையுங்கள். இதை விட்டுவிட்டுப் பழைய வேலையின் விவரங்களைத் திருத்தினால், புது வேலை கிடைத்துவிட்டது என்று எல்லோருக்கும் செய்தி போய், வாழ்த்துகள் குவிய ஆரம்பித்துவிடும். இப்போதைய மேனேஜரும் அந்தப் பட்டியலில் இருப்பார்.

பெயர்

ஆங்கில வழிகாட்டிகள் இந்தக் கட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. நமக்கோ முதல் முட்டுக்கட்டையே இங்கேதான். படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கேட்கிறது. நம்மிடம் இருப்பதோ ஒரு பெயரும் ஓர் இனிஷியலும்.

மு. கார்த்திகேயன் என்று வைத்துக்கொள்வோம். அப்பா பெயர் முத்துசாமி. முதல் பெயர்க் கட்டத்தில் 'கார்த்திகேயன்', கடைசிப் பெயர்க் கட்டத்தில் 'எம்' என்ற ஓர் எழுத்து, புள்ளி இல்லாமல். இதுவே என் பரிந்துரை. மாற்றிப் போட்டு, முதல் பெயரில் இனிஷியலை வைத்தால், தானாக அனுப்பப்படும் மெயில்கள் எல்லாம் 'ஹாய் எம்' என்றுதான் தொடங்கும். கடைசிப் பெயரில் 'முத்துசாமி' என்று விரித்து எழுதினால், வெளிநாட்டு பையர் (சரக்கை வாங்குபவர்) உங்களை 'மிஸ்டர் முத்துசாமி' என்று அழைப்பார். இது தவறில்லை, ஆனால் தெரிந்து செய்யுங்கள்.

விரித்து எழுதத்தான் வேண்டும் என்ற நிலை ஒன்று உண்டு. அரசு அடையாள ஆவணத்தைக் கொண்டு கணக்கைச் சரிபார்த்து, பெயருக்குப் பக்கத்தில் சரிபார்ப்புக் குறியை வாங்க நினைத்தால், ஆவணத்தில் உள்ள பெயரும் புரொஃபைலில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருந்து, இங்கே ஓர் எழுத்து மட்டும் இருந்தால் சிக்கல் வரலாம். வேலை வாங்கும்போது பின்னணிச் சரிபார்ப்பும் நடக்கும் என்பதால், டிகிரி சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலையே ரெஸ்யூமேயிலும் இங்கேயும் வையுங்கள். திருமணத்துக்குப் பிறகு பெயர் மாறியவர்கள், பழைய பெயரைக் கூடுதல் பெயருக்கான கட்டத்தில் போடலாம். பழைய சக ஊழியர்கள் அந்தப் பெயரில்தான் தேடுவார்கள்.

பெயருக்குப் பின்னால் எம்.பி.ஏ., நட்சத்திரக் குறி, போன் நம்பர் எதுவும் வேண்டாம். அவற்றுக்கான இடம் அது இல்லை.

பெயரை உச்சரித்துப் பதிவுசெய்யும் வசதியும் உண்டு. மொபைல் ஆப்பில் மட்டும்தான் பதிய முடியும், 10 விநாடி வரை. யாழினி, தமிழரசன் போன்ற பெயர் உள்ளவர்கள் கட்டாயம் செய்யுங்கள். ழகரத்தை எப்படிச் சொல்வது என்று இன்டர்வியூ எடுப்பவர் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

ஹெட்லைன்

220 எழுத்துகள் வரை இடம் இருக்கிறது. ஆனால் தேடல் பட்டியலிலும் மொபைலிலும் முழுதாகத் தெரியாது, வால் வெட்டுப்படும். முக்கியமான சொற்கள் முன்னால் வரட்டும்.

'ஏபிசி எக்ஸ்போர்ட்ஸில் மெர்ச்சண்டைசர்' என்று மட்டும் இருந்தால், தேடலில் சிக்குவதற்கு ஒரே ஒரு சொல்தான். இப்படி மாற்றலாம் (ஆங்கிலத்தில் எழுத வேண்டியது, இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன்):

'சீனியர் மெர்ச்சண்டைசர் | நிட்வேர், கார்மென்ட் எக்ஸ்போர்ட்ஸ் | கிட்ஸ்வேர், ஸ்லீப்வேர் | டெக் பேக் முதல் ஷிப்மென்ட் வரை | திருப்பூர்'

(டெக் பேக் என்பது ஆடையின் வடிவமைப்பு விவரத் தொகுப்பு.) ஒரு நிறுவனம் 'கார்மென்ட்' என்று தேடும், இன்னொன்று 'அப்பேரல்' என்று தேடும். ஒன்றை ஹெட்லைனிலும் மற்றொன்றை அபவுட் பகுதியிலும் (உங்களைப் பற்றிய விரிவான அறிமுகம்) வைத்துவிடுங்கள். 'பேஷனேட்', 'டைனமிக்', 'ஹார்ட் ஒர்க்கிங்' போன்றவற்றை எடுத்துவிடுங்கள். அந்தச் சொற்களைப் போட்டு ஆள் தேடுபவர் யாரும் இல்லை.

தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து என்று மாற்றித் தரும் இணையதளங்களைப் பயன்படுத்தாதீர்கள். அவை தருவது உண்மையான ஆங்கில எழுத்துகள் அல்ல, கணிதத்துக்கு வைத்திருக்கும் யூனிகோட் குறிகள். தேடலில் சரியாகச் சிக்காமல் போகலாம். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடரும் அவற்றைத் தாறுமாறாகப் படிக்கும்.

போட்டோ, பேனர், முகவரி

போட்டோ குறைந்தது 400க்கு 400 பிக்சல். முகம் படத்தின் பாதிக்கு மேல் நிறைந்திருக்கட்டும். ஜன்னலைப் பார்த்து நின்று, வெறும் சுவர் பின்னணியில் எடுத்தாலே போதும். கல்யாண வீட்டு குரூப் போட்டோவிலிருந்து வெட்டியெடுத்தது வேண்டாம். பேனர் (போட்டோவுக்குப் பின்னால் வரும் அகலமான படம்) 1584க்கு 396 பிக்சல். அதில் ஏதாவது எழுதுவதாக இருந்தால் வலது பக்கம் எழுதுங்கள். இடது பக்கக் கீழ்ப்பகுதியைப் போட்டோ மறைத்துவிடும். புரொஃபைல் முகவரியின் கடைசியில் தொங்கும் எண்களை நீக்கி உங்கள் பெயரை வையுங்கள். ரெஸ்யூமேயில் அச்சிட வசதியாக இருக்கும்.

அபவுட்

2,600 எழுத்துகள் வரை எழுதலாம், அதற்காக நிரப்ப வேண்டியதில்லை. முதல் சில வரிகள்தான் தானாகத் தெரியும், மீதியைப் பார்க்க 'சீ மோர்' அழுத்த வேண்டும். அதனால் முதல் வரியிலேயே என்ன பொருள், எந்தச் சந்தை, எத்தனை வருட அனுபவம் என்று சொல்லிவிடுங்கள். சாட்ஜிபிடி எழுதித் தரும் அபவுட்டை அப்படியே ஒட்டுவதை நான் ஏற்கமாட்டேன். எல்லா மெர்ச்சண்டைசருக்கும் அது ஒரே பத்தியைத்தான் தருகிறது. இலக்கணம் திருத்த மட்டும் பயன்படுத்துங்கள்.

எக்ஸ்பீரியன்ஸ்: அதிகம் பேர் தடுமாறும் இடம்

நிறுவனப் பெயரைத் தட்டச்சு செய்யும்போது கீழே ஒரு பட்டியல் விரியும். அதிலிருந்து லோகோவுடன் இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முழுப் பெயரையும் நீங்களே அடித்து என்டர் தட்டினால், லோகோ இடத்தில் சாம்பல் நிறக் கட்டடம்தான் வரும். நிறுவனப் பக்கத்தின் ஊழியர் பட்டியலிலும் நீங்கள் சேரமாட்டீர்கள். திருப்பூரில் ஒரே மாதிரிப் பெயரில் பல 'எக்ஸ்போர்ட்ஸ்' இருப்பதால், சேமித்தபின் லோகோவைச் சொடுக்கி, திறப்பது உங்கள் கம்பெனி பக்கம்தானா என்று பாருங்கள். நிறுவனத்துக்குப் பக்கமே இல்லையென்றால் சாம்பல் கட்டடம் இருந்துவிட்டுப் போகட்டும். பின்னாளில் பக்கம் வந்தாலும் அது தானாக இணையாது; திருத்தத்தைத் திறந்து, பெயரை அழித்து, மறுபடி பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும்.

பதவி உயர்வு வந்தால் பழைய பதவியின் மேல் புதியதை எழுதிவிடாதீர்கள். ஜூனியராகத் தொடங்கி சீனியரானது என்ற வளர்ச்சியே அழிந்துவிடும். பிளஸ் குறியை அழுத்திப் புதுப் பதவியாகச் சேர்த்து, அதே நிறுவனப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால், இரண்டும் ஒரே லோகோவுக்குக் கீழே படிப்படியாக நிற்கும். சேராமல் தனித்தனியாக நின்றால், ஒன்றில் நிறுவனப் பெயர் கையால் அடிக்கப்பட்டிருக்கும், அல்லது தேதிகளுக்கு நடுவே இடைவெளி விழுந்திருக்கும். புதுப் பதவி சேர்க்கும் படிவத்தில் ஹெட்லைனும் தலைகாட்டும். கவனிக்காமல் சேமித்தால், பாடுபட்டு எழுதிய ஹெட்லைன் போய், பழைய 'மெர்ச்சண்டைசர் அட் ஏபிசி' திரும்ப வந்துவிடலாம். சேமித்ததும் மேலே போய் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விவரத்தில் 'மெர்ச்சண்டைசிங் பணிகளுக்குப் பொறுப்பு' என்று எழுதுவது எதையும் சொல்லாது. 'இரண்டு ஐரோப்பிய பையர்கள், மாதம் சுமார் 80,000 பீஸ், லேப் டிப், பி.பி. சாம்பிள் ஒப்புதல், டி அண்ட் ஏ காலண்டர், ஏ.க்யூ.எல். 2.5 ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன்' என்று எழுதினால் (சாய மாதிரி, உற்பத்திக்கு முந்தைய மாதிரி, வேலை-தேதி அட்டவணை, தரச் சோதனை அளவு ஆகியவற்றுக்கான துறைச் சொற்கள் இவை), படிப்பவருக்கு உங்கள் நாள் எப்படிப் போகிறது என்றே தெரிந்துவிடும். உங்கள் உண்மையான எண்ணைப் போடுங்கள். பையர் பெயரையும் எஃப்.ஓ.பி. விலையையும் (கப்பலில் ஏற்றும்வரையிலான ஏற்றுமதி விலை) எழுதாதீர்கள், அவை நிறுவனத்தின் ரகசியம். 'ஜெர்மனியைச் சேர்ந்த சில்லறை விற்பனை நிறுவனம்' என்பதே போதும்.

குழந்தை வளர்ப்புக்கோ பெற்றோரைக் கவனிக்கவோ வேலையை விட்டிருந்தால் தேதியை இழுத்து மறைக்காதீர்கள். 2022-இல் 'கரியர் பிரேக்' என்ற பதிவு வந்துவிட்டது, அதையே சேருங்கள்.

ஸ்கில்ஸ்

வரிசைதான் முக்கியம். உங்கள் தொழிலின் மையமான மூன்றை மேலே இழுத்து வையுங்கள். 'எம்.எஸ். வேர்ட்' கீழே போகட்டும். ஸ்கில் தேர்வு எழுதி பேட்ஜ் வாங்குங்கள் என்று பழைய வீடியோக்கள் சொல்லும். அந்தத் தேர்வுகளை 2023 இறுதியிலேயே நிறுத்திவிட்டார்கள், தேடி அலைய வேண்டாம்.

வேலையில் இருந்துகொண்டே தேடுபவர்களுக்கு

'ஓபன் டு ஒர்க்' வசதியில் இரண்டு வழி உண்டு. எல்லோருக்கும் காட்டினால் போட்டோவைச் சுற்றிப் பச்சை வளையம் வரும். 'ரெக்ரூட்டர்ஸ் ஒன்லி' என்றால் வளையம் வராது. உங்கள் நிறுவனத்து எச்.ஆர். கண்ணில் படாமல் மறைக்கவும் லிங்க்ட்இன் முயலும். ஆனால் அதற்கு முழு உத்தரவாதம் இல்லை என்று அதுவே சொல்கிறது. குழும நிறுவனங்கள் பல பெயரில் இயங்கும் இடங்களில் இன்னும் கவனமாக இருங்கள். அந்தப் படிவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களைச் சேர்க்க முடியும், பெங்களூருவுக்குப் போகத் தயார் என்றால் அதையும் போடுங்கள்.

பிறகு சேர்த்தவை

ரெஸ்யூமேயை 'ஃபீச்சர்ட்' பகுதியில் (புரொஃபைலில் முன்னிறுத்திக் காட்டும் இடம்) ஏற்றினால் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். வீட்டு முகவரி, பிறந்த தேதி, போன் நம்பர் ஆகியவற்றை எடுத்துவிட்டு ஏற்றுங்கள்.

திருத்தம் முடிந்த சில நாட்களில் அறிமுகமில்லாத 'ரெக்ரூட்டர்கள்' எழுதக்கூடும். பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று பணம் கேட்டால் அது மோசடிதான். பதில் எழுதாமல் ரிப்போர்ட் செய்யுங்கள்.

கடைசியாக, பிரவுசரில் இன்காக்னிட்டோ சன்னலை (லாகின் செய்யாதவருக்குத் தெரிவதைக் காட்டும்) திறந்து உங்கள் புரொஃபைல் முகவரியை ஒட்டிப் பாருங்கள். போட்டோவோ அபவுட்டோ தெரியவில்லையென்றால், பப்ளிக் புரொஃபைல் செட்டிங்கில் அந்தப் பகுதி அணைந்திருக்கும். அங்கே போய் ஒவ்வொன்றாக இயக்கிவிட்டு, சற்று நேரம் கழித்து மறுபடி பாருங்கள்.