சின்ன விஷயத்துக்கு ஏன் இவ்வளவு எரிச்சல்? நாம் வழக்கமாக விடுகிற பிழைகள்

வெக்கையான கச்சான் காற்று வீசுகிற மாதங்களில், மத்தியானம் இரண்டு மணிக்கு, திருகோணமலை பஸ் நிலையத்தடியில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பத்து ரூபாய் மிச்சக்காசுக்காக ஒருவர் கொண்டக்டரோடு தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார், முன்னால் நிற்கிற ஆட்டோ நகரவில்லை என்று பின்னால் நிற்பவர் ஹோர்னில் வைத்த கையை எடுக்கமாட்டார். மார்கழி மழை பெய்கிற ஒரு காலையில் இதே ஆள் இதே பத்து ரூபாயை "சரி, விடுங்கோ தம்பி" என்று விட்டுவிட்டுப் போவார். அப்போ விஷயம் பத்து ரூபாயில் மட்டும் இல்லை. அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரத்தில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பச்சை விளக்கு எரிந்தும் நகராமல் ஒரு காரை நிறுத்திவைத்து, பின்னால் வருபவர்கள் எவ்வளவு ஹோர்ன் அடிக்கிறார்கள் என்று கவனித்தார்கள். வெயில் ஏற ஏற ஹோர்னும் ஏறியது, கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு வந்தவர்களிடம் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 1986இல் வெளிவந்த ஆய்வு அது.

நாம் விடுகிற முதல் பிழை இதுதான்: கடைசியாகக் கண்ணில் பட்டதையே காரணம் என்று பிடித்துக்கொள்வது. கரண்ட் போய், ஃபேன் நின்று, நுளம்போடு விடிய விடியப் புரண்ட ஒருவருக்குக் காலையில் பிள்ளை சப்பாத்தைத் தேடுவதே பெரிய குற்றமாகத் தெரியும். மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கிற அமிக்டலா என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது, அதை அடக்கி நிதானப்படுத்துவது நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதி. 2007இல் வந்த ஓர் ஆய்வில், ஏறக்குறைய 35 மணிநேரம் நித்திரை இல்லாமல் இருந்தவர்களுக்கு மனதைக் குழப்பும் படங்களைக் காட்டியபோது, ஒழுங்காகத் தூங்கியவர்களைவிட அமிக்டலா 60 சதவீதம் அதிகமாகத் துடித்தது, அடக்குகிற பகுதியோடு அதற்கிருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது. நாங்கள் யாரும் 35 மணிநேரம் விழித்திருப்பதில்லை, ஆனால் கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்து இறங்கி நேரே வேலைக்குப் போகிறவர், இரவுக் கடலுக்குப் போய்வந்து பகலில் அரைகுறையாகக் கண்ணயர்கிறவர், இவர்களுடைய எரிச்சலைக் குணம் என்று சொல்லிவிட முடியாது. பசியும் அப்படித்தான். ஒரு பிளேன் டீயோடு பதினொரு மணிவரை ஓட்டிவிட்டு, அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் பேனையைத் தட்டுகிறார் என்று அவரோடு கொளுவிப் பயனில்லை.

ஆகவே வாயைத் திறக்க முன்னம் உங்களையே கேளுங்கள்: நேற்று எத்தனை மணிக்குப் படுத்தேன், கடைசியாக எப்போது சாப்பிட்டேன், காலையிலிருந்து மனதுக்குள் எது கிடந்து அரிக்கிறது. ஆனால் இந்தக் கேள்வியை எரிந்து விழுகிற மற்றவரிடம் தயவுசெய்து கேட்காதீர்கள். "நித்திரை கொள்ளேல்லையா, அதுதான் இந்தக் குணம்" என்று சொன்னால் அவர் அமைதியாக மாட்டார், தன் முறைப்பாட்டை நீங்கள் மதிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

இன்னொரு பிழை, எல்லாவற்றையும் வேண்டுமென்றே செய்வதாக நினைப்பது. நம் ஊரில் மான்கள் ரோட்டுக்கு வந்து நடுவில் நின்றால், மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அது போகும்வரை பார்த்துக்கொண்டு நிற்கிறோம், ஒருவருக்கும் கோபம் வருவதில்லை. அதே இடத்தில் ஒரு கிழவர் சைக்கிளோடு தடுமாறினால் ஏசுகிறோம். மறித்த நேரம் ஒன்றுதான், நாம் கற்பித்துக்கொண்ட நோக்கம்தான் வேறு.

"யுத்தத்தையே கண்டனாங்கள், சுனாமியையே தாண்டினனாங்கள், இது என்ன பெரிய விஷயம்" என்று நம்மவர்கள் அடிக்கடி சொல்வார்கள். இந்தப் பேச்சு எனக்கு மிகவும் கவலை தருகிறது. பெரியதைத் தாங்கியவரைச் சிறியது ஒன்றும் செய்யாது என்பது பிழையான கணக்கு. 1980களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் லாசரஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் நடுத்தர வயதினர் 100 பேரை மாதக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட பெரிய சம்பவங்களைவிட, அன்றாடச் சில்லறைத் தொல்லைகள்தான் அவர்களுடைய மன உளைச்சலோடு நெருக்கமாகச் சேர்ந்து போயின. அதற்கும் மேலே, பெரிய அதிர்ச்சியைக் கடந்தவர்களுக்குச் சட்டென்று எரிந்து விழுவதும் சின்னச் சத்தத்துக்கே திடுக்கிடுவதும் அந்த அதிர்ச்சியின் மிச்சமாகவே இருக்கலாம், மனநல வைத்தியர்கள் பார்க்கிற அறிகுறிகளில் இவை இரண்டும் உண்டு. கோயில் திருவிழா வெடிச் சத்தத்துக்குப் பதறிப்போய்ப் பேரப்பிள்ளைகளைத் திட்டுகிற தாத்தாவைச் சிடுமூஞ்சி என்று ஒதுக்குவது எவ்வளவு அநியாயம்!

சத்தம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. எதிர்பாராமல் வருகிற, நம்மால் நிறுத்த முடியாத சத்தம்தான் ஆளைக் கூடுதலாக வாட்டும். 1970களை ஒட்டி டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற உளவியலாளர்கள் இருவர் செய்த சோதனைகளில், "வேண்டுமானால் இந்தப் பொத்தானை அழுத்திச் சத்தத்தை நிறுத்தலாம்" என்று சொல்லப்பட்டவர்கள் பெரும்பாலும் அதை அழுத்தவே இல்லை, அப்படியிருந்தும் பிறகு கொடுத்த வேலையில் மற்றவர்களைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். ஆகவே ஒலிபெருக்கி எத்தனை மணிக்கு நிற்கும் என்று கோயிலில் மரியாதையாகக் கேட்டு வைத்துக்கொள்வதே பாதி ஆறுதல். மற்றவர் சாப்பிடும் சத்தம், மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் ஒருவருக்குத் தாங்கவே முடியாமல் இருந்தால் அதற்கு மிசோபோனியா என்று பெயரே உண்டு, நடிப்பு என்று பரிகசிக்க வேண்டாம்.

அடுத்தது கொட்டித் தீர்ப்பது. "மனதில் வைக்காதே, கத்தி முடி, ஆறிவிடும்" என்கிற அறிவுரை நன்றாகத்தான் கேட்கும், ஆனால் பிழை. 2002இல் பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 600 மாணவர்களோடு செய்த சோதனையில், கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டு குத்துச்சண்டைப் பையைக் குத்தியவர்கள்தான் அதிகக் கோபத்தோடு இருந்தார்கள், ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தவர்களுக்குக் கோபம் அதைவிடக் குறைவாக இருந்தது. 154 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2024ஆம் ஆண்டுக் கட்டுரையும் அதே பக்கம்தான்: உடலைச் சூடேற்றுகிற வேலைகள் கோபத்தை ஆற்றுவதில்லை, உடலைத் தணிக்கிறவைதான் ஆற்றும். டச் பே கடற்கரையில் வேகமாக நடந்துகொண்டே போனில் மூன்று பேருக்கு அதே கதையை மூன்று தரம் சொன்னால் கோபம் மூன்று தரம் புதிதாகிறது. அதற்குப் பதிலாக உட்கார்ந்து, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுகிற மூச்சை நீளமாக்கி, ஐந்து நிமிடம் விடுங்கள். பல்லைக் கடித்து அடக்குவதும் உதவாது, முகம் அமைதியாகத் தெரியும், உடம்புக்குள் பரபரப்பு குறையாது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சில சின்ன எரிச்சல்கள் சின்னவையே அல்ல. குசினித் தொட்டியில் கழுவாமல் கிடக்கிற தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்து ஒரு பெண் வெடிக்கிறாள் என்றால், விடிய நாலரைக்கு எழும்பி இடியப்பம் அவித்து, பிள்ளைகளை அனுப்பி, வேலைக்குப் போய், பின்னேரம் டியூஷனுக்கு ஏற்றி இறக்கி, இரவு வந்து பார்த்தால் அந்தக் கோப்பையும் அவளுக்காகவே காத்திருக்கிறது. அவளிடம் போய் மூச்சுப் பயிற்சி செய் என்று சொல்வது கொடுமை. அங்கே மாற வேண்டியது அவளுடைய மனநிலை இல்லை, வேலைப் பங்கீடு. அதே நேரம் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு "நீங்கள் ஒருநாளும் ஒன்றும் செய்யிறேல்ல" என்று தொடங்கினால், அந்தப் பக்கத்திலிருந்து "போன கிழமை ஆர் கழுவினது?" என்றுதான் பதில் வரும், பேச்சு கோப்பையோடு நின்றுவிடும். சூடு ஆறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத நேரம், "இஞ்சேருங்கோ, இரவுச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவுறதை நீங்கள் எடுங்கோ, விடியச் சமையலை நான் பார்க்கிறன்" என்று ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அப்படிக் கேட்டவுடன் எல்லாம் மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் கேட்காமல் மனதில் கணக்கு எழுதிக்கொண்டே போனால் அந்தக் கணக்கு கூடிக்கொண்டுதான் போகும். கணவன்மாருக்கும் சொல்கிறேன், கேட்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கடைசியாக, கிழமைக்கணக்கில் நீடிக்கிற எரிச்சலை வயசு, வெயில், கிரகம் என்று தள்ளிப்போடுவதும் பிழைதான். தைரொயிட் கூடுதலாகச் சுரந்தாலும் இப்படி வரும். மனச்சோர்வு அழுகையாக இல்லாமல் எரிச்சலாக வெளிப்படுவதும் உண்டு, பருவ வயதுப் பிள்ளைகளில் இதை விசேஷமாகக் கவனிக்க வேண்டும். இரண்டு கிழமைக்கு மேல் போனால், நித்திரையும் சாப்பாடும் சேர்ந்து கெட்டால், வீட்டில் கை நீளுகிற அளவுக்கு வந்தால், வைத்தியரைப் பாருங்கள், அல்லது தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள். போகும்போது "கோபம் வருது டொக்டர்" என்று மட்டும் சொல்லாமல், எப்போது தொடங்கியது, நித்திரை எப்படி, இப்போது என்னென்ன மருந்து குடிக்கிறீர்கள் என்பதையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்.