க + 5/க = 2: கால்குலேட்டர் மறுத்த விடை

விடைப்பக்கத்தில் 1 ± 2√−1 என்று இருந்தது. கால்குலேட்டரோ தீர்வே இல்லை என்றது. வரைபடம் போட்டேன். மிகை எண்களுக்கு இடப்பக்கம் 2√5-க்கு, அதாவது சுமார் 4.47-க்குக் கீழே இறங்குவதே இல்லை. குறை எண்களுக்கு எப்போதும் குறைதான். பின்னத்தின் பகுதியை, அதாவது கீழெண்ணை, பூஜ்யமாக்கும் போலித் தீர்வோ என்று சில நாள் அதன் பின்னால் அலைந்தேன். விலக்க வேண்டியது க = 0 மட்டும்; அது வரவே இல்லை.

அப்புறம் க-வால் பெருக்கினேன்: க² − 2க + 5 = 0. தன்மைகாட்டி, அதாவது தீர்வுச் சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்குள் வரும் எண், 4 − 20 = −16. சரி, விடை பொருந்துகிறது. ஆனால் முதல் சமன்பாட்டிலேயே வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. 5-ஐ 1 + 2√−1 ஆல் வகுக்க, மேலும் கீழும் 1 − 2√−1 ஆல் பெருக்கினால் கீழே 1 + 4 = 5; மேலே உள்ள 5 அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது 1 − 2√−1, அதாவது மற்றொரு தீர்வே! இரண்டையும் கூட்டினால் 2. அப்பாடா.

கால்குலேட்டரில் கலப்பெண் (√−1 கலந்த எண்) தீர்வுக்கான அமைப்பு அணைந்து கிடந்தது. அதைப் போட்டதும் அதுவும் இதையே காட்டியது.